அசையாதே அக்காவும் அலமாரிப் பூட்டும்

அந்த மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'அசையாதே அக்கா'தான். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, குழாய்க்குள் படுத்திருப்பவர்களிடம் மைக்கில் அதையே சொன்னால் வேறென்ன பெயர் வரும்? தலை ஒரு நூல் அசைந்தாலும் படம் பாழ். அசைவைக் காட்டுவதற்கென்றே கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு கோடு ஓடும். அதைப் பார்த்தே சொல்லிவிடுவாள், இவர் தும்மலை அடக்குகிறார், இந்தம்மா அழுகிறாள், இவன் எச்சில் விழுங்குகிறான் என்று.

வேலையில் அவ்வளவு கெட்டிக்காரி. வீட்டில் பதினைந்து வயது மகளிடம் அது எடுபடவில்லை. மகளின் கால்கள் எந்தப் பக்கம் கிளம்பினாலும் சமையலறை அலமாரியில்தான் போய் நிற்கும். பள்ளியில் எடை பார்த்துக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். அக்காவுக்கு மானமே போய்விட்டது. பிஸ்கட், சாக்லேட், கேக் எல்லாவற்றையும் அந்த அலமாரியில் அடைத்து, பித்தளைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு இதுதான் மருந்து என்று அறிவிப்பும் செய்தாள்.

மருந்து வேலை செய்ததா என்றால், செய்தது, தலைகீழாக. மகள் பள்ளி கேன்டீனில் ஒன்றுக்கு இரண்டாகத் தின்று, மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறினாள். அதுகூடப் பரவாயில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்த ஆரம்பித்தாள். அப்பா வெளியூர் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆள். ஆக, அக்கா எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டாள். ஆனாலும் வீம்பை விடவில்லை.

பூட்டி வைத்தது நமுத்துப் போகாமல் இருக்கிறதா என்று மட்டும் தினமும் மதியம் வேலை முடிந்து வந்ததும் திறந்து பார்ப்பாள். நமுத்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிகிற சங்கதியா? கடித்துப் பார்த்தால்தானே தெரியும். பொறுப்பான அம்மா வேறென்னதான் செய்வாள், பாவம்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி டாக்டர் ஒருத்தி பிரிவுக்கு வந்தாள். தீனியைக் கண்டதும் வளரும் பிள்ளைகளின் மூளை என்ன பாடு படுகிறது என்று அவள் பார்க்க வேண்டுமாம். குழாய்க்குள் படுக்கவைத்துத் தீனிப் படங்களைக் காட்டுவாள். நடுநடுவே, யாருக்கும் தின்னத் தோன்றாத வீட்டுச் சாமான்களின் படங்களும் வரும். தீனிப் படங்கள் அவளிடம் இருந்தன. சாமான் படங்களுக்கு அக்காவைக் கேட்டாள். அக்கா போனோடு வீட்டைச் சுற்றி வந்து வாளி, துடைப்பம், இஸ்திரிப் பெட்டி, குடை, பூட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஒத்திகைக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது. மகளைக் கேட்டதும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் கொழுப்பெடுத்துத் திங்கலன்னு தெரிஞ்சுட்டா, நீ பூட்டைக் கழட்டணும். சம்மதமா?"

தெரிந்தால்தானே என்ற தைரியத்தில் அக்கா தலையாட்டினாள்.

மகள் படுத்தாள். கேக் வந்தது, கோடு நேராக ஓடியது. ஐஸ்கிரீம் வந்தது, சிப்ஸ் வந்தது, கோடு அசையவே இல்லை. யார் பெற்ற பிள்ளை என்று அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது. வாளி, துடைப்பம், நேர்கோடு. அப்புறம் பூட்டு வந்தது. கோடு துள்ளியது. சந்தேகமே இல்லை, எச்சில்தான். இரண்டாம் தடவை பூட்டு வந்தபோதும் அதே துள்ளல்.

டாக்டர் குழம்பிப்போனாள். கேக்குக்கே அடங்கின பிள்ளை பூட்டைப் பார்த்து ஏன் விழுங்குகிறாள், இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அக்காவின் கை தானாகச் சங்கிலியை மூடியது. மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

ஒரு பிள்ளையை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, நூறு பேரையாவது பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். ஆனால் இந்த வயதில் மூளையில் ஆசையைக் கிளப்புகிற இடம் முந்திக்கொண்டு வளர்ந்துவிடுமாம். போதும் என்று தடுக்கிற இடம் ஆற அமர இருபதைத் தாண்டித்தான் முழுசாக வந்து சேருமாம். தீனி கண்ணில் படவேண்டும் என்றுகூட இல்லை, அது இருக்கிறதற்கு அடையாளம் தெரிந்தாலே ஆசை கிளம்பிவிடுமாம்.

"நீங்க ஒளிச்சு வச்சதா நினைச்சீங்க அக்கா. இங்கதான் இருக்குன்னு போர்டு மாட்டி வச்சிருக்கீங்க."

அக்கா விடுவாளா? அதெல்லாம் சின்னப் பிள்ளைக் கோளாறு, நாற்பத்தாறு வயது மூளைக்குப் பூட்டு வெறும் பித்தளைதான், வேண்டுமானால் நானே படுத்துக் காட்டுகிறேன் என்றாள். குழாய் அறைக்குள் உலோகம் ஆகாது. சங்கிலியைச் சாவியோடு கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, ராணி மாதிரி உள்ளே போய்ப் படுத்தாள்.

கேக்கை அலட்சியமாகப் பார்த்தாள். வாளியையும் அப்படியே. அப்புறம் பூட்டு வந்தது. மதிய நேரத்துச் சமையலறை, ஆளில்லாத வீடு, சாவி திரும்புகிற சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தன. வாயில் ஊறியது. அசையாதே, அசையாதே என்று தன்னையே அதட்டினாள். ஊரையெல்லாம் அடக்கின வார்த்தை தன் தொண்டையிடம் செல்லவில்லை. மடக்கென்று ஒரு விழுங்கல்.

மைக்கில் மகளின் குரல் வந்தது. "அம்மா, அசையாதே."

வெளியே வந்து திரையைப் பார்த்தாள். மகளின் துள்ளலைவிட அவளுடையது ஒரு விரற்கடை கூடவே இருந்தது. டாக்டர் அவசரமாக எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"உனக்கு எதுக்கும்மா ஊறுது? சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"நமுத்துடுச்சான்னு பாக்கத்தான்டி..." இந்த வாயை வைத்துக்கொண்டா மூன்று மாதமாகப் பிள்ளையை வைதோம் என்று வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டின.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் தானே கழற்றினாள். மகள் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டாள். அறைக்குத்தான் போகப்போகிறாள் என்று அக்கா நினைத்தாள். அவளோ மேசைக்கு வந்து எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒன்றைக் கடித்ததும் முகம் சுளித்தாள்.

"நமுத்துப் போச்சும்மா. தினம் தினம் திறந்து பாத்தா நமுக்காம என்ன பண்ணும்?"

பாதி பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, பசிக்கிறது, சாப்பாட்டைப் போடு என்றாள். அக்கா இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.