குற்றாலத்தில் சாரல், எனக்கு ஆறு மாத மென்டரிங்

இன்று குற்றாலத்தில், பெண் தொழில்முனைவோருக்கு நிதியும் வழிகாட்டலும் தருகிற ஒரு முகாமுக்குப் போயிருந்தேன்.

நிதியை விடுங்கள். வழிகாட்டல் வேண்டிய மட்டும் கிடைத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். எங்கள் மண்டி ஏலத்தில் நிற்கிற ஒரே பெண் நான்தான். (முதலில் முறைத்தார்கள். இப்போது என்னிடம் விலை விசாரித்துவிட்டு ஏலம் கேட்கிறார்கள்.)

யாரும் தொடாத அடிபட்ட காயை மலிவாக எடுப்பேன். சாறு ஊறுகாய்க்காரர்களுக்கு. தோலைக் காயவைத்துப் பொடியாக்கி, கொல்லத்தில் ஒரு சோப்பு கம்பெனிக்கு. யூனிட்டில் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், சாரல்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் உங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். எங்கள் பக்கம் வெயில் செத்துப்போகும், மாடியில் காயப்போட்ட தோலில் பூசணம் பூக்கும். போன லோடு அப்படியே திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கொல்லத்துக்காரர் சொல்லிவிட்டார்.

எனவே ஒரு டிரையர் வேண்டும். இந்தச் சாரலிலேயே வேண்டும். இல்லாவிட்டால் யூனிட்டை மூடவேண்டியதுதான்.

வங்கியில் ஜாமீனுக்குச் சொத்து கேட்டார்கள். சொத்து மாமனார் பெயரில். மாமனார் என்னோடு பேசுவதில்லை. (ஏலத்தில் நின்றதால்தான்.)

நேற்று மண்டி அண்ணாச்சி கேட்டார்.

"என்னம்மா, நாளைக்கு ஏலத்துக்கு வரலியோ?"

"குற்றாலத்துல மீட்டிங் அண்ணாச்சி. மெஷினுக்குப் பணம் தாரோம்னு சொல்லுதாவ."

"போன மட்டமும் அப்படிச் சொல்லித்தான போன. சர்டிபிகேட்டத்தான குடுத்து அனுப்புனாவ?"

"இந்த மட்டம் நெசமாத் தருதாவளாம்."

"சரி, போயிட்டு வா. கையோட ஒரு துண்டும் கொண்டு போ. குளிச்சிட்டாவது வரலாம்."

நான் துண்டு கொண்டுபோகவில்லை. சென்னையிலிருந்து வந்த வழிகாட்டிகள் கொண்டுவந்திருந்தார்கள்.

காலை முழுக்க ஸ்லைடு. மதியம் ஒவ்வொருவராகத் தனியே பேசலாம் என்றார்கள். அடுத்தது நான் என்கிற நேரத்தில் ஹாலில் ஒரு பரபரப்பு. வெள்ளம் என்று இரண்டு நாளாக மூடியிருந்த மெயின் அருவியைத் திறந்துவிட்டார்களாம்.

"ஒரு சின்ன பிரேக்" என்று கிளம்பினார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "எப்பக்கா வருவாவ?" என்று என்னைக் கேட்டாள். அருவிக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

எண்ணெய் தேய்த்து, குளித்து, சாப்பிட்டுத் திரும்பினார்கள். குற்றாலத்தில் எண்ணெய்க் குளியல் போட்டவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மனிதனுக்கு வருவது தூக்கம் ஒன்றுதான்.

எனக்கு வாய்த்தவர் கண்ணை அகட்டி அகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான்.

"உங்க ஸ்டோரி ரொம்ப இன்ஸ்பையரிங் மேடம். சரி, எவ்வளவு வேணும்?"

இங்கேதான் நான் விழுந்தேன்.

மண்டியில் முதலில் விலையைச் சொல்கிறவன் தோற்றான். எதிராளி வாயைத் திறக்கும்வரை நாம் காயை உருட்டிப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். என்னை ஆளாக்கியதே அந்தப் பழக்கம்தான். நாக்கு நுனிக்கு வந்த தொகையை அப்படியே விழுங்கினேன்.

"நீங்க எம்புட்டு தருவியன்னு சொல்லுங்க சார். பாப்போம்."

அவர் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் லேப்டாப்பில் ஏதோ தட்டினாள்.

"இல்ல மேடம், ஃபவுண்டர்தான் நம்பர் சொல்லணும்."

சொன்னேன். டிரையர் விலை, கரண்ட் செலவு, எத்தனை லோடில் முதல் திரும்பும் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"இப்ப தெளிவா சொல்றீங்க. ஆனா முதல்ல கேட்டப்ப தயங்கினீங்கல்ல? கமிட்டி அதைத்தான் பார்ப்பாங்க. ஒரு ஆறு மாசம் எங்க மென்டரிங்ல இருங்க. அப்புறம் ஃபண்டிங் பேசலாம்."

"ஆறு மாசம் கழிச்சு வெயில் அடிக்கும் சார். அப்ப எனக்கு டிரையர் எதுக்கு?"

சிரித்தார். "இந்த ஹியூமர் நல்லா இருக்கு. கமிட்டி முன்னாடி பிட்ச் பண்ணும்போது சேர்த்துக்கோங்க."

நான் தயங்கவில்லை ஐயா. பேரம் பேசினேன். எனக்குத் தெரிந்த வியாபாரம் அப்படித்தான். அதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் இந்தத் திட்டமே" என்று காலையில் மேடையில் சொன்னார்கள். எங்களை மாதிரி ஆட்கள் எப்படிப் பேசுவோம் என்பதை மட்டும் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் இல்லாதது மெஷின். அவர்களிடம் மிச்சம் கிடப்பது அறிவுரை. இது எப்படிப் பொருந்தும்?

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாரியம்மாளுக்குப் போன் போட்டேன். யூனிட் தொடங்கிய அன்றிலிருந்து என்னோடு இருப்பவள்.

"என்னக்கா, கெடச்சிட்டா?"

"இல்லட்டி."

"அப்ப அடுத்த மாசமா?"

"அடுத்த மாசம் யூனிட்டே இருக்காதுட்டி. கையில கெடக்க காய முடிச்சிட்டு நிறுத்திருவோம்."

அவளை எப்படித் தேற்றுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் என்னைத் தேற்றினாள்.

"எங்கள நெனச்சு வெசனப்படாதியக்கா. பீடி சுத்துத தட்ட நாங்க யாரும் தூரப் போடல. பரண்லதான் கெடக்கு. தொடச்சு எடுத்தா சரி."

என்னிடம் வருவதற்கு முன் ஆறு பேருமே பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள்.

அதை விட்டு வெளியே வந்துவிட்டார்கள் என்று போகிற முகாமிலெல்லாம் நான்தான் மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.