ஆள் மிச்சம்: ஒன்று

கொரோனா அடங்கி, சென்னையை அடுத்த ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளெல்லாம் மறுபடியும் மூன்று ஷிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் கான்ட்ராக்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கணவர் தவறிய பிறகு மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு முதலில் நான் மட்டும் வந்து ஹாஸ்டலில் தங்கினேன். சீக்கிரமே பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, குன்றத்தூரில் சின்னதாக ஒரு வீடு பிடித்து இருவரையும் கூட்டிவந்துவிட்டேன். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, அவளுடைய புது யூனிஃபார்ம் ஒரு தடவை சரியாகத் துவைபடுவதற்குள் நடந்தது இது.

என் வேலை, ஒயர் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் கனெக்டர்கள் நிறைந்த ட்ரேக்களை ராக்கின் கீழ்த்தட்டிலிருந்து குனிந்து எடுத்து, லைனில் நிற்கும் பெண்களுக்குக் கொண்டுபோய் வைப்பது. காலி ட்ரேயைத் திரும்ப எடுத்து வருவதும் நான்தான். கேட்பதற்கு லேசாக இருக்கும். ஷிஃப்ட் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். டீ பிரேக்கில் மற்றவர்கள் உட்காருவார்கள், நான் சுவரில் இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்பேன்.

லைனின் முதல் இடத்தில் நின்ற அக்காவுக்குச் சொந்த ஊரே பக்கத்திலிருக்கும் பிள்ளைப்பாக்கம். பெர்மனென்ட் ஆள். வாய் கொஞ்சம் நீளம். நான் "வாரேன்க்கா" என்று சொன்னாலே போதும், "வர்றதுன்னா வா, ஏன் இஸ்துக்கினே கீற?" என்று என் பேச்சின் இழுவையைக் கிண்டல் செய்வார். "உங்க ஊருல பாதி வார்த்தைய முழுங்கிட்டு மிச்சத்தைத்தானே துப்புதீங்க" என்று நானும் விடமாட்டேன். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை எப்படி இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று மாதாமாதம் தொழிலாளர்கள் யோசனை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பாதிப் பேர் கடமைக்கு எழுதுவார்கள். ஃபேன் துடைக்க வேண்டும், தண்ணீர் கேனை நகர்த்த வேண்டும், இப்படி. நல்ல யோசனையாக இருந்தால் செய்து பார்ப்பார்கள். பிறகு கேன்டீனில் எல்லோரையும் கூட்டி, திரையில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு போட்டோ காட்டி, பரிசு கொடுத்துக் கைதட்டுவார்கள்.

என் இடுப்பைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ராக்கைச் சாய்வாக வைத்து, தட்டில் சின்னச் சின்ன உருளைகளைப் பதித்துவிட்டால், ஸ்டோர் பக்கம் வைக்கிற ட்ரே தானாகவே வழுக்கிக்கொண்டு லைனுக்கு வந்துவிடும். காலி ட்ரே கீழ்ச்சரிவில் தானாகத் திரும்பிப் போய்விடும். மோட்டார் வேண்டாம், கரன்ட் வேண்டாம். மெயின்டனன்ஸ் அண்ணனிடம் கெஞ்சி, கழித்துப் போட்ட குழாய்களை வைத்தே செய்ய வைத்தார். முதல் ட்ரே சரசரவென்று இறங்கி அவர் கைக்கு முன்னால் வந்து நின்றபோது லைன் மொத்தமும் சிரித்தது.

"இனிமே நீ குனியத் தேவையில்ல. ராணி கணக்கா நில்லு" என்றார் என்னிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த அக்கா இருந்தால்கூட இப்படி யோசித்திருப்பாளா என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

அந்த மாதம் அக்காவுக்குத்தான் முதல் பரிசு. பிளான்ட் ஹெட்டே வந்திருந்தார். சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்து விளக்கினார். திரையில் 'முன்பு' போட்டோவில் நான் குனிந்து நிற்கிறேன், முகம்கூடத் தெரியவில்லை. 'பின்பு' போட்டோவில் ராக் மட்டும் பளபளவென்று நிற்கிறது. ஆள் இல்லை. கீழே 'பலன்' என்று போட்டு ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அதைப் பெருமையாகத் தமிழில் படித்தார். நேரம் மிச்சம், இடம் மிச்சம், ஆள் மிச்சம் ஒன்று.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்த ஒன்று நான்.

மேடையில் நின்ற அக்காவுக்கும் அதே நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். பரிசை வாங்க நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, "அந்த ஒரு ஆளு யாரு சார்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எச்.ஆர். பாத்துப்பாங்கம்மா. நீங்க பரிசை வாங்குங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அந்தப் பொண்ணுக்கு இடுப்பு நோவுதேன்னு சொன்னது சார் இது. அவளையே அனுப்புவீங்கன்னா எனக்கு வேணாம். ராக்கைக் கழட்டிடுங்க."

சூப்பர்வைசர் சிரித்து மழுப்பினார். பிளான்ட் ஹெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பரிசுப் பெட்டியைத் தொடாமலே கீழே இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. மகளுடைய பள்ளிக்கூடம், வீட்டு அட்வான்ஸ், ஊரில் எல்லாவற்றையும் ஒழித்துப் பூட்டிவிட்டு வந்த அம்மா, எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன.

மறுநாள் கான்ட்ராக்டர் ஆள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரைக்கும் வரலாம், அதற்கப்புறம் ஐ.டி. கார்டைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பேக்கிங்கில் கையுதவிக்கு நில் என்றார். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. மகள் புதுச் சிநேகிதியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

லைனில் யாரும் கோஷம் போடவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. ஆனால் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் நடக்கிற சின்னக் கூட்டத்தில், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று சூப்பர்வைசர் கேட்டால் ஒருத்தர் வாயைத் திறப்பதில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் சந்தைக்கடை மாதிரி இருக்கும். இப்போது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசனைப் பெட்டி காலி. மெஷினில் புதுச் சத்தம் கேட்டால்கூட அது நிற்கும் வரைக்கும் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் அரை ஷிஃப்ட் வீணாகும். புது ராக்கினால் கூடிய உற்பத்தி இந்த மௌனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு புது லாட் கனெக்டர் வந்தது. ஒயரை உள்ளே தள்ளினால் டிக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். பூட்டு விழுந்ததற்கு அதுதான் அடையாளம். இந்த லாட்டில் பாதிக்குச் சத்தமே வரவில்லை. கரன்ட் பாய்கிறதா என்று பார்க்கிற மெஷினில் வைத்தால் பச்சை விளக்கு எரிந்துவிடும், ஏனென்றால் உள்ளே ஒயர் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கார் ஓடி, குலுங்கி, என்றைக்காவது ஒருநாள் கழன்றுகொள்ளும். லைனில் நின்ற ஒவ்வொருவருடைய விரலுக்கும் இது தெரிந்தது. பேக்கிங்கில் ஒயர்க் கட்டைக் கையால் நீவி அடுக்கும்போது எனக்கும் தெரிந்தது. சொல்லவில்லை. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்றுதான் மனதுக்குள் இருந்தது. வெளியே போகப்போகிறவளுக்கு என்ன அக்கறை?

மத்தியானச் சாப்பாடு முடிந்து லைன் ஓட ஆரம்பித்த சற்று நேரத்தில் அக்கா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். நேராகப் போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். லைன் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். அக்கா ஒரு கனெக்டரை அவர் கண் முன்னால் மாட்டி, இரண்டு விரலால் லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பிளான்ட் ஹெட்டும் வந்தார். அவரே இரண்டை இழுத்துப் பார்த்தார். இரண்டும் வந்தன. காலையிலிருந்து கட்டியதெல்லாம் பேக்கிங்கில் அடுக்கியிருந்தது. ஒரு லாரி கேட்டைத் தாண்டியே போய்விட்டிருந்தது. அதைத் திருப்பி அழைக்க ஆள் அனுப்பிவிட்டு, முகம் வெளுத்துப்போய் லைன் பக்கம் திரும்பினார்.

"இது காலையிலேயே உங்களுக்குத் தெரியும் இல்ல? ஏம்மா யாருமே சொல்லல?"

அக்காதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"போன தபா ஒண்ணு சொன்னேன் சார். ஒரு பொண்ணுக்கு வேலை பூட்சி. இப்ப இத்த சொன்னா யாருக்குப் போவும்னு தெரியலயே சார். அதான் எல்லாரும் பயந்துக்கினு கீறாங்க."

"அப்புறம் இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க?"

"உங்க மேல கோவம் கீது, இல்லன்னு சொல்லல. வண்டில புள்ள குட்டியோட போறவன் மேல எனக்கு இன்னா கோவம்?"

பிளான்ட் ஹெட் அந்தக் கனெக்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார். பேக்கிங் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான், அந்தக் காரில் போகப்போகிறவர்களை ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஐ.டி. கார்டைத் திருப்பித் தரத்தான் சொல்லப்போகிறார் என்று அதைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே போனேன். "மாட்டிக்கோம்மா. வெளியிலிருந்து வர்ற பார்ட்ஸைச் சோதிக்க ஆள் வேணும். நாளையிலிருந்து அங்கே போ" என்றார். நன்றி என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்துக்குப் பிளான்ட் ஹெட்டே வந்தார். யோசனையால் ஒரு வேலை குறையும் என்றால், அந்த வேலையில் இருக்கிறவருக்கு வேறு இடம் எது என்று முதலில் எல்லோர் முன்னிலும் சொல்லப்படும், அதன் பிறகுதான் யோசனை லைனுக்கு வரும் என்றார். நடந்தது தன் தவறு என்றும் சொன்னார்.

சொன்ன உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நம்பிக்கை வர நாளாயிற்று. கார் தயாரிப்பாளர்களிடம் கம்பெனிக்குப் போன நல்ல பேரும் லேசில் திரும்பவில்லை. எனக்கு முன்னால் வேறு ஒரு லைனில் இதே மாதிரி ஒரு பெண் மிச்சமாகிப் போயிருந்தாள். அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. எந்த ஊர்ப் பெண் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அக்கா இன்றைக்கும் அதே லைனில்தான் நிற்கிறார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெட்டியில் ஒரு யோசனைகூடப் போட்டதில்லை. "ஒண்ணு எழுதுங்கக்கா" என்று ஒருநாள் கெஞ்சினேன். "தோணாம இல்லடி. நெறயத் தோணுது. எழுத கை வரல" என்றார். அப்படி எத்தனை நல்ல யோசனைகள் அவரோடு தங்கிவிட்டனவோ, கம்பெனிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் பெர்மனென்ட் ஆகி, இப்போது ஒரு லைனுக்குப் பொறுப்பாகவும் இருக்கிறேன். யாராவது ஒரு பெண் புது யோசனையோடு ஆசையாக ஓடிவந்தால் எனக்கு முதலில் அந்த 'பின்பு' போட்டோதான் நினைவுக்கு வரும். இதனால் யாருடைய கை சும்மா ஆகும், நாளைக் காலையில் அவள் எந்த இடத்தில் நிற்பாள் என்பதைக் கேட்டு முடிவு செய்த பிறகுதான், யோசனை நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வருகிறது.