ஷாங்காயில் நான் திறக்கச் சொன்ன பை

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில், ஈரோட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு நானும் மனைவியும் பதின்மூன்று வயது மகளும் எங்கள் வீடு இருக்கும் சான் ரமோனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஷாங்காயில் அடுத்த விமானத்துக்குப் பதினான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதை வீணாக்குவானேன் என்று ஒரு பகல் நேர டூர் புக் பண்ணியிருந்தேன். விமான நிலையத்திலிருந்து வேனில் அழைத்துப் போய், ஊரைக் காட்டிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

கைடு ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டியிருக்கும். கூட்டத்தில் நாங்கள் தொலைந்துவிடாமலிருக்க மஞ்சள் குடை ஒன்றை மடக்கியபடியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொன்னார். வேனில் ஏறும்போது பதினோரு பேரையும் பெயர் சொல்லி வரவேற்றார். என் பெயர் நீளமானது. ஆபீஸில் அதை இரண்டெழுத்தாகச் சுருக்கி வருஷக்கணக்காகிறது. அவர் முழுசாக, ஏறக்குறைய சரியாகவே சொன்னார். "பாருங்க, உங்க பேர் சொல்ல ஒரு ஆள் கிடைச்சாச்சு" என்று மனைவி சிரித்தாள்.

எனக்கு மட்டும் மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. "கைடுங்க எல்லாம் கமிஷன் கேஸுங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போய் தலையில கட்டிருவாங்க, உஷாரா இரு" என்று கிளம்புவதற்கு முன் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். பழைய தோட்டத்தையும், குளத்தின் மேல் வளைந்து வளைந்து போகும் பாலத்தையும் காட்டியபின், அவர் எங்களை ஒரு தேயிலைக் கடைக்குத்தான் அழைத்துப் போனார். கடைக்காரப் பெண்ணிடம் அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் மனைவியின் காதில், "பாத்தியா, சொன்னேன்ல" என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் மல்லிகை வாசம் வந்த தேநீரை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப வேனில் உட்கார்ந்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அங்கே கட்டியிருந்த கறுப்புப் பவுச் இல்லை. மூன்று பேர் பாஸ்போர்ட்டும், எங்கள் இருவரின் கிரீன் கார்டும் அதில்தான் இருந்தன. தோட்டத்துக்குள் நுழையும்போது பைகளையெல்லாம் எக்ஸ்ரே மெஷினில் போட்டார்களே, அப்போது மறுபக்கம் நின்று எல்லோருடைய பொருள்களையும் எடுத்துக் கொடுத்தது இந்த கைடு அம்மாதான். என் மனதுக்கு அந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது.

"இருங்க, மொதல்ல நம்ம பையெல்லாம் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி.

நான் இருக்கவில்லை. எழுந்து நின்று, கைடிடம், உங்கள் பையைத் திறந்து காட்டுங்கள் என்றேன். எல்லோர் முன்னாலும், இங்கிலீஷில், உரத்த குரலில். அவருக்கு முதலில் புரியவில்லை. அதனால் இரண்டாம் முறையும் சொன்னேன். புரிந்ததும் அவர் முகம் கழுத்து வரை சிவந்தது. பையை எடுத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக முன் சீட்டில் வைத்தார். வெந்நீர் பிளாஸ்க். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பன். மாத்திரை அட்டை. காலணிக்குள் வைக்கும் மெத்தை. ஒரு சின்ன நோட்டு. நோட்டு தானாகவே திறந்துகொண்டது. பக்கம் முழுக்க அன்றைய பயணிகளின் பெயர்கள். என் பெயரைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் சீன எழுத்தில் குறித்து வைத்திருந்தார்.

அதைப் பார்த்தபிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அப்பா, ஸ்டாப் இட். ப்ளீஸ்" என்றாள் மகள். நான் டூர் தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, உங்கள் கைடு மேல் சந்தேகமாக இருக்கிறது என்று புகார் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் கைடின் அடையாள எண்ணைக் கேட்டார். கைடின் கழுத்தில் தொங்கிய அட்டை திரும்பியிருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, நான் படிப்பதற்கு வசதியாக அவரே அதைத் திருப்பிப் பிடித்தார். நான் படித்துச் சொன்னேன்.

போனை வைத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மனைவி மகளின் முதுகுப்பையைக் கொட்டினாள். அடியில் என் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்குள் பவுச். விமானக் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரை, தோட்டத்தில் வியர்க்கிறதென்று கழற்றி, பவுச்சையும் அதில் சுற்றி, அந்தப் பைக்குள் திணித்தவன் நான்தான்.

"நல்லது. கிடைத்துவிட்டது. மிகவும் நல்லது" என்றார் கைடு, வழக்கம்போல இரண்டு முறை. பிளாஸ்க்கையும் பன்னையும் பைக்குள் வைத்தார். ரயிலில் யார் மீதோ இடித்துவிட்டால் சொல்வோமே, அப்படி ஒரு சாரி என் வாயிலிருந்து வந்தது. வேனில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரைக் கோபுரங்களைக் காட்டி அவர் விளக்கம் சொன்னபோது நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அன்று எடுத்த படங்கள் ஒன்றில்கூட நான் இல்லை. விமான நிலையத்தில் இறங்கும்போது, "நீயே தேங்க்ஸ் சொல்லிடு" என்று மனைவியை அனுப்பிவிட்டுப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

பதினைந்து நாள் கழித்து, டூர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. என் புகாரை விசாரிப்பதாகவும், அதுவரை அந்த கைடை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். மெயிலைப் படித்தபோது சமையலறையில் நின்றிருந்தேன். பவுச் கிடைத்த பிறகு திரும்பப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க கால் பண்ணிச் சொல்லலையா?" என்றாள் மனைவி. மகளுக்கும் கேட்டிருக்கும். டைனிங் டேபிளில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அன்றே எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது, அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை, அவரிடம் என் மன்னிப்பைச் சேர்த்துவிடுங்கள் என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். பதிலே இல்லை. மூன்றாவது முறை எழுதியபோது ஒரே வரி வந்தது: அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை.

அவராக விலகினாரா, அனுப்பிவிட்டார்களா, தெரியாது. கேட்டும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரி வந்த அன்று சாயங்காலம் மகளை ஸ்விம்மிங் கிளாஸிலிருந்து கூட்டி வரும்போது காரில் அவளே கேட்டாள். "டிட் தே ரிப்ளை?"

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். "அவங்களுக்கு வேலை போயிருச்சும்மா. என்னாலதான்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவள் ஈரத் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இருவரும் உடனே இறங்கவில்லை.