அத்தைக்கு வாங்கிய ரப்பர் பிளேட்டுகள்

எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் உடற்பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு எங்கள் ஊரான தேவாரத்தில் உரக்கடை. மூடை தூக்க ஆள் இருந்ததால் அவர் குனிவது செருப்பு மாட்டுவதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் பளு தூக்கியது அத்தை.

அப்பாவின் தங்கை அவள். தாத்தா இறந்தபின் அவளை வளர்த்ததும், மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்ததும் அப்பாதான். கல்லூரியில் ஓட்டப்பந்தயத்துக்குப் போனவளை யாரோ பளுதூக்கும் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். படிப்பு முடிந்து பட்டத்தோடு சில பதக்கங்களையும் கொண்டுவந்தாள். அப்பா பட்டத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். பதக்கங்களை அம்மா பீரோவுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினாள்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. ஊருக்கு வந்த பிறகும் அத்தை பயிற்சியை விடவில்லை. காலையில் பஸ் பிடித்துத் தேனிக்குப் போவாள். அங்கே மைதானத்தில் ஒரு கோச் இருந்தார். டிராக் பேன்ட்டும் தோளில் பையுமாக அவள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தவர்கள் கடைக்கு வந்து விசாரிப்பார்கள். "தங்கச்சி தேனியில வேலைக்குப் போகுதாண்ணே?" அப்பா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். எத்தனை மூடை யூரியா வேண்டும் என்று கேட்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். "எதுக்குத்தா தெனமும் பஸ்ஸுல அலையிற? வேணுங்கிறத வாங்கி வீட்லயே போட்ருவோம்."

அத்தை சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்தாள். "நெசமாத்தான் சொல்றியாண்ணே?"

அந்த வாரமே அப்பா, அத்தை, நான் மூவரும் தேனிக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடையில், ராடின் இரு முனையிலும் மாட்டுகிற எடைப் பிளேட்டுகளில் இரண்டு வகையை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு. இன்னொன்று தடிமனான ரப்பர், புது டயர் வாசனையோடு. அப்பா தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல இரும்பை விரல் முட்டியால் தட்டினார்.

"இரும்பே எடுத்துக்குவோம். காலத்துக்கும் கெடக்கும். ரப்பரு நம்மூரு வெயிலுக்கு வெடிச்சிரும்."

"இரும்பு சும்மா உடம்ப ஏத்துறவுகளுக்குண்ணே. நான் தலைக்கு மேல தூக்கி அப்படியே கீழ விடணும். இரும்ப விட்டா தரையும் போயிரும், ராடும் போயிரும்."

"விடாத. மெதுவா எறக்கிப் பழகு."

"அப்ப என் முதுகு போயிரும்."

கடைக்காரர் சிரித்தார். "தங்கச்சி சொல்றது சரிதாண்ணே. நீங்களே பாருங்க." இரும்புப் பிளேட்டை இடுப்பு உயரத்திலிருந்து வாசல் சிமென்ட்டில் விட்டார். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. பிறகு ரப்பரை விட்டார். தொம் என்று விழுந்து ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. யாரும் திரும்பவில்லை.

அப்பா அந்தத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரப்பரே குடுங்க" என்றார். விலை அதிகம்தான். அவர் பேரம்கூடப் பேசவில்லை. திரும்பும்போது அத்தை என்னை மடியில் இறுக்கிக்கொண்டு, "எங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பின்கட்டு அறையிலிருந்த உரமூடைகளை அத்தையே தூக்கி வெளியே போட்டாள். மாட்டுக்கு விரிக்கிற ரப்பர் பாய்களை வாங்கிவந்து அப்பா தன் கையால் தரையில் விரித்தார். தூசி வரும் என்று பின்தெருப் பக்கத்து ஜன்னலை ஆணி வைத்து அடித்தார். அத்தை தேனிக்குப் போவது நின்றது. காலையில் நான் மூலையில் உட்கார்ந்து பார்ப்பேன். உள்ளங்கையில் பவுடர் தேய்த்து, ராடின் முன்னால் கண்ணை மூடி நிற்பாள். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட எனக்குப் பயமாக இருக்கும்.

சில மாதங்கள் கழித்துக் கோச் அப்பாவுக்குப் போன் செய்தார். சென்னையில் மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வானால் அரசு வேலைக்கே வழியிருக்கிறது, கட்டாயம் அனுப்புங்கள் என்றார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

"அங்கன எதுக்குத்தா போகணும்? அதான் பூராவும் வீட்லயே வாங்கிப் போட்டாச்சே."

"இது பழகுறதுக்குண்ணே. அங்கன போயித் தூக்குனாத்தான் அது கணக்கு."

"வெள்ளிக்கெழம பண்ணைப்புரத்துக்காரக பொண்ணு பாக்க வாறாக. அவுகட்ட என்னன்னு சொல்றது?"

அத்தைக்கு அந்தச் செய்தியே அப்போதுதான் தெரியும். "அப்ப எதுக்குண்ணே இதெல்லாம் வாங்கிக் குடுத்த?"

"நீ ஆசப்பட்ட, வாங்கிக் குடுத்தேன்," என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டவர்போல இருந்தார்.

முகாமுக்கான தேர்வும் அதே வெள்ளிக்கிழமைதான். அன்று காலை அத்தை வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போனாள். பல வாரங்களாக நெஞ்சுவரை வந்து நழுவிக்கொண்டிருந்த ஒரு எடை இருந்தது. அன்று அதைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். தூக்கி, கீழே விடாமல், கைகள் விறைத்து நின்றுகொண்டே இருந்தாள். பிறகு விட்டாள். நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அத்தை தூக்கிருச்சு!" கேசரி கிண்டிக்கொண்டிருந்த அம்மா, "கத்தாத புள்ள, அவுக வார நேரம்" என்றாள்.

அத்தைக்குச் சேலை கட்டிவிட்டபோது ஜாக்கெட் கை பிடித்தது. புஜம் தெரியாமல் அம்மா முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையாக வந்த மாமா நல்ல மனிதர், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. தென்னந்தோப்பும் இரண்டு பிள்ளைகளுமாக அத்தை இன்றும் பண்ணைப்புரத்தில்தான் இருக்கிறாள். பளு தூக்கியதைப் பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை. நான் வேலைக்காகச் சென்னைக்குக் கிளம்பியபோது என்னை பஸ் ஏற்ற வந்த அப்பா, சம்பந்தமில்லாமல், "அன்னைக்கு அவள விட்ருக்கலாந்தா" என்றார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வந்தவர்கள் போன அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், சேலையை மாற்றாமல் பின்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் போய், "நீ சென்னைக்குப் போகலையா அத்தே?" என்று கேட்டேன்.

"போகல."

பண்ணைப்புரம் பக்கம்தான், நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் அவ்வளவு எடையைத் தூக்கியதால் கை வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.