ஜானவாசத்துக்கு ஒரு ஹோஸ்

நிதானமாகக் காரியம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா என்னைச் சொல்வாள். தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் அந்த வெந்நீர் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்து வலியசாலையில், எங்கள் அக்ரஹாரத்துத் தெருவில் நடந்த கதை. அப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. இரண்டே கதவு, மடக்கிவிடக்கூடிய கான்வாஸ் கூரை. நான் பிறப்பதற்கு முன்பே அதற்கு வயதாகியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆபீசுக்கும் கோயிலுக்கும் அதில்தான் போனார். பிறகு பக்கவாதம் வந்து அவருடைய இடது காலை முடக்கிப்போட்டது. கார் ஷெட்டுக்குள் போயிற்று. இரண்டு வருஷம் நான் அதன் பக்கமே போகவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

எங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து திறந்த காரில் உட்கார்த்தி, நாகஸ்வரம் முன்னால் போக, மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். ஜோடித்த கார் வாடகைக்குக் கிடைக்கும். நான் அதைப் பேசி முடித்திருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைக் கலைத்தார்.

"நம்ம வண்டி இருக்கச்சே வாடகை வண்டி எதுக்குடா? மாப்பிள்ளை அதிலேதான் வரணும். நம்ம வாசல்லே ஒரு நிமிஷம் நிறுத்து. அத்தை ஆரத்தி எடுக்கட்டும். நான் பாக்கணும்."

மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அவரை நாற்காலியோடு தூக்கிப்போவதாக ஏற்பாடு. முதல் நாள் கூட்டமும் அவருக்குத் தாங்காது. ஊர்வலமோ எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நிமிஷம், அவ்வளவுதான் கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பேட்டரி மாற்றியதும் கார் உயிர்பிடித்தது. பத்தாவது நிமிஷம் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கிள்ளிப்பாலத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த மலையாளி மேஸ்திரி வந்து, தண்ணீர் ஓடுகிற ரப்பர் குழாயை, ரேடியேட்டர் ஹோஸை, இரண்டு விரலால் அழுத்தினார். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், நடுவில் வரும் இரும்புக் குழாய், எல்லாமே போயிருந்தன. அதைவிட மோசமான ஒன்றையும் சொன்னார். ஓடுகிற காருக்குக் காற்று உதவும்; ஊர்வலத்தில் மனிதர் நடக்கிற வேகத்தில் நகர்கிற காருக்கு யாரும் உதவமாட்டார்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் நடுத்தெருவில் கொதித்து நின்றுவிடும்.

மேல் ஹோஸ் பழவங்காடிப் பக்கத்துக் கடையில் கிடைத்தது. கீழ் ஹோஸ் கழுத்தை வளைத்துக்கொண்டு போகிற விசித்திரமான ஜாதி. திருவனந்தபுரம் முழுக்க அலைந்தும் கிடைக்காமல், நாகர்கோவிலிலிருந்து ஒரு லாரி ஹோஸைப் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னோம். ஜானவாசத்தன்று காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வந்த ஒவ்வொரு பஸ்ஸின் கண்டக்டரையும் பிடித்து உலுக்கினேன். பதினொரு மணிக்குத்தான் பார்சல் வந்தது.

மேஸ்திரி அதை அளந்து வெட்டினார். குழாய் வாயை உப்புத்தாளால் தேய்த்தார். ஊதினார். மறுபடி தேய்த்தார். நான் வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தபடி இருந்தேன். பந்தல்காரன் கூப்பிட்டான், சமையல்காரர் கூப்பிட்டார், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்த மேஸ்திரியிடம் முடிந்ததா, முடிந்ததா என்று பத்து தடவை கேட்டிருப்பேன்.

கடைசியில் அவர் வெளியே வந்து, "தாழத்தே ஓஸ் மாற்றி, சாமீ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

தாழத்தே என்றால் கீழே; அதில் குழப்பமில்லை. அந்த 'மாற்றி'யைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். மலையாளி வாயில் 'மாற்றி' என்பது 'மாட்டி' என்றே கேட்கும். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். கழற்றி ஓரமாக வைத்தாலும் அவர்களுக்கு அது மாற்றித்தான். நான் மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் ஆபீஸ் ஃபைல் எழுதியவன். எனக்குத் தெரியாத சொல்லா? ஆனால் அவசரம் வந்தால் என் காது வீட்டுப் பாஷைக்குப் போய்விடும். மாட்டியாயிற்று என்று அது எனக்குச் சொன்னது.

அன்று வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தயாராக வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை வாளியோடு தூக்கி ரேடியேட்டரில் கவிழ்த்தேன்.

"ஐயோ சாமீ, ஒழிக்கல்லே!" என்று கிணற்றடியிலிருந்து கத்தல் வந்தது. ஊற்றாதே என்கிறார். அதற்குள் பாதி வாளி உள்ளே போய், கீழே திறந்துகிடந்த வாய் வழியாக அருவியாகக் கொட்டிவிட்டது. பெல்ட்டில் உரசுகிறதென்று இன்னும் ஒரு விரற்கடை வெட்ட அவர் கீழ் ஹோஸைக் கழற்றி வைத்திருந்தார். வண்டிக்கு அடியில் பழைய பேப்பரில் பரப்பியிருந்த, ஹோஸை இறுக்கும் கிளிப்புகள் தண்ணீரோடு ஓடிச் சாக்கடைக்குள் விழுந்தன. மூட்டு ஒழுகாமலிருக்க வெட்டி வைத்திருந்த காகித காஸ்கெட் ஊறிப்போய்க் கூழாயிற்று.

நான் அவரைத் திட்டினேன். தப்பு யாருடையது என்று தெரிந்தே திட்டினேன். அவர் சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். மறுபடி பழவங்காடிக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். அங்கே பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, கிளிப்பும் காஸ்கெட் தாளும் வாங்கித் திரும்பும்போது நாலரை மணி. எல்லாம் பூட்டி முடிக்க ஐந்தேகால். பூக்காரர்கள் மாலையும் சரமுமாக வந்து நின்றார்கள்.

"அர மணிக்கூர் நிறுத்தியிட்டு ஓடிச்சு நோக்கணம், சாமீ. எந்நாலே அறியூ" என்றார் மேஸ்திரி. நின்ற இடத்தில் அரை மணி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், அப்போதுதான் தெரியும்.

அரை மணிக்கு எங்கே போவேன்? வேண்டாம், ஜோடிக்கட்டும் என்றேன். அந்த அரை மணியைத்தான் நான் மத்தியானம் வாளியோடு கொட்டியிருந்தேன்.

கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. பின்சீட்டில் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. ஸ்டியரிங்கில் நான். என் கண் எஞ்சின் சூடு காட்டும் முள்ளின் மேல். நாகஸ்வரக்காரர் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று வாசித்தார். அவர் நிற்கும்போதெல்லாம் நான் ஸ்டியரிங்கை விரலால் தட்டினேன். முள் ஏறியது. பாதிக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு முந்தின முனையில் அவர் நின்று நீளமாக ஒரு ராகம் எடுக்க, முள் பாதியை ஒரு மயிரிழை தாண்டியதாக எனக்குத் தோன்றியது.

வீடு வந்தது. வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வேஷ்டி, புது அங்கவஸ்திரம். பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அத்தை. அப்பா வலது கையை உயர்த்தினார். மாப்பிள்ளை எழுந்திருக்கப் போனது முதுகுக்குப் பின்னால் தெரிந்தது.

"போகலாம், போகலாம்!" என்று முன்னால் நின்ற நாகஸ்வரக்காரரைப் பார்த்துக் கத்தினேன். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

மண்டப வாசலில் மாப்பிள்ளையை இறக்கி, ஆரத்தி எடுத்து, படம் பிடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. எஞ்சின் அவ்வளவு நேரமும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முள் பாதியில் அப்படியே இருந்தது. குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"கண்டோ சாமீ, அனங்ஙியில்லா" என்றார். அசையவே இல்லை என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

காரைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினேன். தெருவில் யாரும் இல்லை, எல்லோரும் மண்டபத்தில். அத்தையும் போயிருந்தாள். அப்பா அதே நாற்காலியில் இருந்தார். காலடியில் ஆரத்தித் தட்டு, சிவப்புத் தண்ணீர் தளும்பாமல் அப்படியே. வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. ஒரு நிமிஷம் என்ன, ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நன்னா பண்ணியிருக்கான் மேஸ்திரி" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "நல்ல ஓட்டம்டா. எங்கேயும் நிக்கவே இல்லை" என்றார்.