எனக்கான முப்பது பார்

போன வாரம் என் கணவர் என்னை விட்டுவிட்டு வேறு ஜோடி தேடிக்கொண்டார்.

உடனே போனைக் கையில் எடுக்காதீர்கள். அந்த ஜோடியின் பெயர் கிரண். இவருடைய ஆபீஸில் வேலை பார்க்கிற பையன். சம்பவம் நடந்த இடம், முருடேஷ்வர் பக்கம் கடலுக்கு அடியில். ஆனாலும் சொல்கிறேன்... வலித்தது.

முதலிலிருந்து வருகிறேன்.

ஆல்பர்ட்டுக்கும் எனக்கும் கல்யாணமாகி இருபது வருஷம். கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, பைக் சாவி எங்கே – எங்கள் பேச்சு இவ்வளவுதான். சண்டையும் கிடையாது. சண்டை போடவாவது இரண்டு பேர் ஒரே ரூமில் உட்கார வேண்டாமா? இந்த லட்சணத்தில் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர், ஸ்கூபா டைவிங் வகுப்பு நடத்துகிறார்களாம், சேர்ந்து போகலாமா என்று கேட்டார்.

சேர்ந்து! அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆச்சு? எனக்கு மீனும் வேண்டாம், பவளப்பாறையும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காகத் தலையாட்டினேன். தண்ணீருக்கு அடியில் பேச முடியாது என்பதும் ஒரு வசதி. எங்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம்.

எங்கள் ஏரியா காக்ஸ் டவுன் முழுக்கச் சிரித்தது. பெங்களூரில் கடல் எங்கே இருக்கிறது, அல்சூர் ஏரியில் குதிக்கப்போகிறீர்களா என்று என் நாத்தனார் கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சில் பூசையை முடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்துக்குப் போய் நின்றோம்.

பயிற்சியாளர் பொன்னப்பா, குடகுக்காரர். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். இங்கே அடி, பவுண்டு எதுவும் செல்லாது. ஆழம் மீட்டரில், அழுத்தம் பாரில், காற்று லிட்டரில்.

நாம் எந்த ஊர்க்காரர்கள்? வீடு என்றால் தர்ட்டி – ஃபார்ட்டி சைட், அதாவது அடி. பூ வாங்கினால் மாரு, கையால் அளப்பது. வெயிலுக்கு சென்டிகிரேட், ஜுரத்துக்கு ஃபாரன்ஹீட். பைக் டயருக்குக் காற்று பவுண்டில். முழங்கையில் அளக்கிற ஜனத்தைப் பிடித்து, பாரில் மூச்சு விடு என்றால்?

ஆனால் கணக்கு என்னவோ சுலபம்தான். தண்ணீருக்கு மேலே அழுத்தம் ஒரு பார். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு மூச்சுக்கு இரண்டு மூச்சுக் காற்று செலவு. இருபதில் மூன்று. பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் இருநூறு பார் அடைத்தால் இரண்டாயிரத்து நானூறு லிட்டர் காற்று. அதற்குள் போய், பார்த்து, உயிரோடு திரும்பி வர வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

யார் எவ்வளவு மூச்சு விடுகிறார்கள் என்று குளத்தில் நீந்தவிட்டு அளந்தார்கள். ஆல்பர்ட், நிமிஷத்துக்கு இருபது லிட்டர். நான், முப்பது.

"ஏம்மா, பெங்களூர் காத்து பூரா நீயே இழுத்துட்டா மத்தவங்க என்ன பண்றது?" என்றார் ஆல்பர்ட். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பொது இடத்தில் புருஷன் ஜோக் அடித்தால் மனைவி வேறு என்ன செய்வாள்?

கடலுக்குப் போவதற்கு முந்தைய வகுப்பில்தான் ரிசர்வ் கணக்கு. கீழே ஏதாவது ஆகிவிட்டால் மேலே வந்து சேர எவ்வளவு காற்றை மிச்சம் வைக்க வேண்டும்? பதினெட்டு மீட்டரிலிருந்து நிதானமாக மேலே வர ஆறு நிமிஷம், வழியில் சராசரி அழுத்தம் சுமாராக இரண்டு பார் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் பொன்னப்பா. ஆல்பர்ட் என்ஜினியர் அல்லவா, விறுவிறுவென்று போர்டில் போட்டார். இருபது லிட்டர், இரண்டு பார், ஆறு நிமிஷம். இருநூற்று நாற்பது லிட்டர். பன்னிரண்டால் வகுத்தால் இருபது பார். சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

பொன்னப்பா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், நீங்க மேல வந்துட்டீங்க. மேடம் எங்கே?"

"அவளுக்குத்தான் தனியா சிலிண்டர் இருக்கே" என்றார் ஆல்பர்ட்.

ஒருவருடைய சிலிண்டர் மக்கர் செய்தால் மற்றவருடைய சிலிண்டரில் இருவரும் மூச்சு விட்டுக்கொண்டே மேலே வர வேண்டும், ஜோடியாகப் போவதே அதற்குத்தான் என்று பொன்னப்பா விளக்கினார். ஆல்பர்ட் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். இருபதும் முப்பதும் ஐம்பது லிட்டர். இப்போது விடை ஐம்பது பார்.

ஐம்பதில் இருபது போனால் முப்பது. அந்த முப்பது பார்தான் நான். இந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறந்தே போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடல். காலையில் முதல் டைவ், நானும் அவரும். சேர்ந்து!

நடந்ததைச் சொல்கிறேன். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டுகிற என் மீட்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்த்தார். கண்ணை உருட்டினார். மெதுவாக, மெதுவாக என்று கையை ஆட்டினார். அவர் ஆட்ட ஆட்ட எனக்கு மூச்சு இன்னும் வாங்கியது. இருபத்துநாலாவது நிமிஷத்தில் என் மீட்டர் ஐம்பதுக்கு வந்துவிட்டது. அவரிடம் இன்னும் நூறு இருந்தது. ரூல் ரூல்தான். இருவரும் மேலே வந்தோம்.

படகில் டீ கொடுத்தார்கள். ஆல்பர்ட் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. ரொம்ப அன்பாகவே பேசினார்.

"நீ அடுத்த டைவ் சுமா டாக்டர்கூடப் போயேன். நான் கிரண்கூடப் போறேன். உனக்கும் டென்ஷன் இல்ல, எனக்கும் காத்து வேஸ்ட் ஆகாது."

வேஸ்ட். நான் சரி என்றேன். எழுத்தில் என்ன வாய் பேசுகிறேன், பாருங்கள். நேரில் அவ்வளவுதான் வந்தது.

சுமாவும் எங்கள் வகுப்புதான், பல் டாக்டர். கன்னடக்காரப் பெண். ரெடியா என்று கன்னடத்தில் கேட்டாள், நான் ஹூம் என்று தலையாட்டினேன், குதித்தோம். அதே பாறை, கிட்டத்தட்ட அதே ஆழம், பதினைந்து மீட்டர்.

கண்ணாடி மாஸ்க்குக்குள் அழுதால் என்ன ஆகும், தெரியுமா? ஒன்றும் ஆகாது. உள்ளே கொஞ்சம் உப்புத் தண்ணீர், வெளியே நிறைய. சுமா திரும்பிப் பார்த்தாள். விரலால் ஓகேயா என்று கேட்டாள். நான் ஓகே என்று காட்டினேன். அதோடு என்னை விட்டுவிட்டாள். என் மீட்டரைத் தொடவில்லை. பக்கத்திலேயே மிதந்தாள், அவ்வளவுதான். அழுகை தானாக நின்றது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்தன, போயின. நான் மூச்சு விடுகிறேன் என்பதையே மறந்துவிட்டேன்.

இந்த முறையும் இருபத்துநாலு நிமிஷம்தான். சுமாவுக்குக் காது வலித்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டோம். மீட்டரைப் பார்த்தேன். நூற்றுப்பத்து!

தொண்ணூறு பார்தான் செலவு. மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்குப் பதினெட்டு லிட்டர். ஆல்பர்ட்டைவிடக் குறைவு. படகில் ஏறி, சிலிண்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வரட்டும், பார்க்கட்டும் என்று ஒரு ஆசை... நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு ஆசை!

வந்தார். ஆமை பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே என் மீட்டரைக் கையில் எடுத்தார். பார்த்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பவும் பார்த்தார்.

"ரீட்டா, உன் மீட்டர் ரிப்பேர். இதை நம்பியா கீழ போனே?"

பொன்னப்பாவைக் கூப்பிட்டு கம்ப்ளெயின்ட் வேறு. பொன்னப்பா வேறொரு மீட்டரை மாட்டிச் சோதித்தார். அதுவும் அதையே காட்டியது. மீட்டர் சரியாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நகர்ந்துவிட்டார். ஆல்பர்ட் விட்ட இடத்திலிருந்து ஆமையைத் தொடர்ந்தார்.

கடலுக்கு அடியில் அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு முப்பது லிட்டர், இல்லாவிட்டால் பதினெட்டு. வீட்டில் எவ்வளவு என்று அளந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.