சாயா குடிக்காத மாமனின் காய்ச்சல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறசாலைச் சந்தைக்குப் பின்னால் நிற்கிற மாடிக் கட்டடம் நான் கட்டியது. நெய்யாற்றின்கரை போகிற வழியில் செங்கல் சூளை வைத்ததும் நான்தான். ஆட்டுப் பண்ணை தொடங்கியபோது ஆடு மேய்த்து எவன் உருப்பட்டான் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்னிடம் பால் வாங்குகிறார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கும் கூட்டம், ஊர்வலம். அம்மாவின் தம்பியான என் மாமன்தான் எங்கள் ஊரில் தலைவர். சாயங்காலமானால் எங்கள் முற்றத்துப் பலாமரத்தடியில் கூடுவார்கள். எதிர் டீக்கடையிலிருந்து நான் தூக்குவாளியில் சாயா வாங்கி வருவேன். கடைக்காரர் மலையாளி, நான் சேட்டன் என்று கூப்பிடுவேன். ஒருநாள் மாமன் எழுந்து நின்று, எல்லை கிடைக்கும்வரை அவன் சாயாவைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்தார். மற்றவர்கள் கைதட்டிவிட்டுச் சாயாவைக் குடித்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆடு மாதம் நிறையாமல் இரண்டு செத்த குட்டிகளைப் போட்டது. அம்மாதான் கையை உள்ளே விட்டு எடுத்தாள். நஞ்சுக்கொடியைப் பால் வடிகிற மரத்தில் கட்டினால் மடி வற்றாது என்பது எங்கள் வழக்கம். குட்டி போனாலும் பாலாவது இருக்கட்டும் என்று ஓலைக்கூடை முடைந்து அதில் வைத்துத் தந்தாள். மரமேறுவதில் என்னை மிஞ்ச அன்று ஆளில்லை. கூட்டம் உட்காரும் இடத்துக்கு நேர்மேலே, நன்றாகக் காற்றுப்படும் கிளையில் கட்டினேன்.

"மக்கா, காக்கா கொண்டு போவாத மாதிரி கெட்டு!"

"போலீஸ் வந்தாலும் அவுக்க முடியாது அம்மா."

கூடை காய்ந்து சருகாகி மூன்று வாரம் ஆனபோது காய்ச்சல் வந்தது. முதலில் அம்மாவுக்கும் மாமனுக்கும், பிறகு மரத்தடிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும். கண்ணுக்குப் பின்னால் இடிக்கிற தலைவலி, சட்டை நனைகிற வேர்வை, வறட்டு இருமல். வைத்தியர் குளிர்காய்ச்சல் என்றார். ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. என் உடம்பு அப்படி. யாருக்கும் ஆடு நினைவுக்கு வரவில்லை. சாயாதான் வந்தது.

எழுந்து உட்கார முடிந்ததும் மரத்தடியில் கூடி, சேட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவர் கையில் கடப்பாரை இருந்தது.

"எலே, சாயாவில என்னத்தலே கலக்கின?" போர்வைக்குள்ளிருந்து மாமன் கேட்டார்.

"சத்தியமாட்டு ஞான் ஒண்ணும் சேர்த்திட்டில்ல அண்ணா." சேட்டன் கைகூப்பினார்.

"இவன் கடைய ஒடச்சு, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டணும்" என்றார் கடப்பாரைக்காரர்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டுவிடுவது என் குணம்.

"மாமா, நீங்க இவரு சாயாவத் தொடவே இல்லியே. உங்களுக்கு எப்பிடி வந்தது? அம்மையும் குடிக்கல்ல. தூக்குல மிஞ்சினத தெனமும் நானாக்கும் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் வரல்லியே?"

கடப்பாரைக்காரர் மாமன் பக்கம் திரும்பினார். "பயலு கேக்கது நியாயம் ஆக்கும். தலைவரே, நீரு குடிச்சதுண்டா, இல்லியா?"

"ஒரு சொட்டுத் தொட்டதில்ல!" இருமலுக்கு நடுவே மாமன் கத்தினார்.

சேட்டன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். மாமன் அவரைப் பார்க்காமல் போர்வையை இழுத்துக்கொண்டு, "போவச் சொல்லுலே அவன" என்றார்.

தினமும் விடியுமுன் கடையின் பின்வாசலில் நின்று மாமன் சாயா குடித்துப் போவார் என்பதைச் சேட்டன் எனக்குச் சொன்னது, மாமன் இறந்த பிறகு. அதுவரை இருவரும் அதை வெளியே விடவில்லை. அந்த மௌனம் அன்று எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாத இன்னொன்று விளங்க எனக்கு வயசாக வேண்டியிருந்தது. என் பண்ணையில் ஆடுகள் வரிசையாகச் செத்த குட்டிகளைப் போட்டன. வேலையாளுக்கு விடாத காய்ச்சல். மாட்டு டாக்டரம்மா சொல்லித்தான் ஆட்டின் ரத்தத்தையும் வேலையாளின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினோம். கியூ காய்ச்சல் என்று வந்தது. செத்த குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்குமாம். காய்ந்து பொடியாகிக் காற்றில் போகுமாம். மனிதனுக்கு வந்தால் வேறு காய்ச்சல் என்று மருந்து கொடுத்து விட்டுவிடுவார்களாம்.

"மரத்துல கெட்டித் தொங்கவிட்டா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆரு கெட்டினது?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அத்தனை வருஷத்துக்கு முந்தைய காய்ச்சலை இன்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு உறுதிதான்.

இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் போராட்ட நினைவு மலர் போட்டிருக்கிறார்கள். கொதித்த கூட்டத்தை அடக்கிச் சாயாக்கடையைக் காத்தவர் என் மாமன் என்று அதில் இருக்கிறது. தொண்டர்களுக்குக் காய்ச்சல் வந்தது போலீஸ் லாக்கப்பினால் என்றும் இருக்கிறது. இரண்டும் தப்பு. கடை தப்பியது நான் கேட்ட கேள்வியால். காய்ச்சல் வந்தது நான் கட்டிய கூடையால். அடுத்த பதிப்பில் இரண்டையும் என் பெயரிலேயே போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் மலரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.